ஓய்வு பெற்ற கால்பந்தாட்டக்காரரின் முழங்கால்: இனி ஓய்வா, பயிற்சியா, அறுவை சிகிச்சையா?

கேள்வி – வியாசர்பாடி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு இப்போது 43 வயது. வியாசர்பாடியின் மண் திடலில் ஆடத் தொடங்கி, கொல்கத்தாவிலும் கோவாவிலும் சம்பளம் பெற்று ஆடும் நிலைக்கு உயர்ந்து, 34 வயதில் ஓய்வு பெற்றவர். 24 வயதில் அவருடைய வலது முழங்காலில் மெனிஸ்கஸ் சவ்வு கிழிந்து, அதன் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். 29 வயதில் அதே முழங்காலில், தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் தசைநார் அறுந்து, மீண்டும் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டுகள் ஆடினார். இப்போது எங்கள் பகுதிச் சிறுவர்களுக்கு மாலை நேரங்களில் பயிற்சி அளிக்கிறார்.

எங்கள் வீடு இரண்டாவது மாடியில் இருக்கிறது. காலையில் அவர் இறங்கும்போது கைப்பிடிச் சுவரை இறுகப் பற்றிக்கொண்டு, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, முதலில் வலது காலைக் கீழ்ப்படியில் வைத்து, பிறகு இடது காலையும் அதே படிக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு படியாக இறங்குகிறார். பயிற்சி முடிந்து வரும் நாள்களில் முழங்கால் வீங்கிவிடுகிறது. சம்மணமிட்டு உட்கார முடிவதில்லை. அறுபதைத் தாண்டிய எங்கள் அம்மா அவரைவிட எளிதாகப் படியேறுகிறார். ஆடிய காலத்தைவிட எடை 12 கிலோ கூடியிருக்கிறது. வலி அதிகமாகும்போது மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்.

மூன்று மருத்துவர்களைப் பார்த்தோம். விளையாட்டு, நடைப்பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முழு ஓய்வில் இருக்கும்படி ஒருவர் சொன்னார். சொந்த இரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்துச் செலுத்தும் பிஆர்பி ஊசி போட்டால் குருத்தெலும்பு மீண்டும் வளரும் என்று மற்றொருவர் சொன்னார். இப்போதே மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்வதுதான் நல்லது என்பது மூன்றாமவரின் கருத்து. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் நாங்கள் குழம்பி நிற்கிறோம்.

வாழ்நாள் முழுவதும் உடலைப் பேணிய ஒருவருக்கு இவ்வளவு சீக்கிரம் ஏன் இந்த நிலை வந்தது? நடந்தால் மூட்டு இன்னும் தேயுமா? இவருடைய வயதில் எந்த வழி சரியானது? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 – எலும்பு மூட்டு மருத்துவர், மதுரை

உங்கள் அண்ணனை நேரில் பரிசோதிக்காமல் அவருக்கான சிகிச்சையை நான் இங்கே முடிவு செய்ய இயலாது. ஆனால் நீங்கள் கேட்டவற்றில் பெரும்பகுதிக்கு ஆய்வுகளில் தெளிவான விடை இருக்கிறது.

முதலில், அவர் தனியொருவர் அல்லர். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர், ஓய்வு பெற்ற தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 1,207 பேரையும் பொதுமக்களில் 4,085 ஆண்களையும் ஒப்பிட்டு, 2018-இல் வெளியான ஓர் ஆய்வை நடத்தினார்கள். முன்னாள் வீரர்களில் 52 விழுக்காட்டினருக்கு முழங்கால் வலி இருந்தது. பொதுமக்களில் 27 விழுக்காட்டினருக்கு மட்டுமே இருந்தது. முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வீரர்களில் 11 விழுக்காடு, மற்றவர்களில் 4 விழுக்காடு. வயது, எடை, பழைய காயங்கள் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வேறுபாடு மறையவில்லை. ஆகவே காயம் முதன்மையான காரணம் என்றாலும், பெயர் சொல்லக்கூடிய காயம் எதுவும் இல்லாதவருக்கும் அந்த அளவிலான ஆட்டம் மூட்டின்மீது ஏதோ ஒரு சுமையை விட்டுச்செல்கிறது என்றே கொள்ள வேண்டும்.

எந்த விளையாட்டு என்பதைப் பொறுத்தும் இது மாறும். பின்லாந்தின் முன்னாள் உயர்மட்ட வீரர்களிடம் நடத்தி 1995-இல் வெளியிட்ட ஆய்வில், முழங்கால் தேய்மானம் துப்பாக்கி சுடுபவர்களில் 3 விழுக்காடு, ஓட்டக்காரர்களில் 14 விழுக்காடு, கால்பந்து வீரர்களில் 29 விழுக்காடு, பளுதூக்குபவர்களில் 31 விழுக்காடு எனக் காணப்பட்டது. ஓட்டக்காரர்கள் பல ஆண்டுகள் ஓடியும் கால்பந்து வீரர்களைப்போல் பாதி அளவே பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நேராக ஓடுவதை மூட்டு பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. பாதம் தரையில் பதிந்திருக்க உடல் திரும்புவதையும், எதிராளி பக்கவாட்டில் மோதுவதையும், குதித்து ஒற்றைக் காலில் இறங்குவதையும்தான் அதனால் தாங்க முடிவதில்லை.

உங்கள் அண்ணனின் வரலாற்றில் இரண்டு நிகழ்வுகள் முக்கியமானவை. மெனிஸ்கஸ் என்பது தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவில் இருந்து, உடலின் பாரத்தைப் பரவலாகப் பகிர்ந்தளிக்கும் சவ்வு. அதில் ஒரு பகுதி போனால், அதே பாரம் சிறிய பரப்பில் குவிகிறது. 1948-இலேயே ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர், மெனிஸ்கஸ் அகற்றப்பட்ட முழங்கால்களின் எக்ஸ்-ரேயில் மூட்டு இடைவெளி குறைவதையும் எலும்பின் ஓரம் மேடாவதையும் விவரித்து எழுதினார். இருந்தும் அடுத்த பல பத்தாண்டுகளுக்குக் கிழிந்த சவ்வை முழுதாக எடுத்துவிடுவதே வழக்கமாக இருந்தது. இப்போது இயன்றவரை தைத்துக் காப்பாற்றவே முயல்கிறோம்.

இரண்டாவது, ஏசிஎல் காயம். ஸ்வீடனில் கால்பந்தாடிய இளம்பெண்களை, ஏசிஎல் அறுந்து 12 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது, எக்ஸ்-ரே எடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தேய்மானம் உறுதியாகியிருந்தது. அப்போது அவர்களின் சராசரி வயது 31. தசைநாரை மீண்டும் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் இதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அந்த அறுவை சிகிச்சை முழங்காலை நிலைநிறுத்தி ஆடுகளத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. காயம் நேர்ந்த கணத்தில் குருத்தெலும்பும் அதன் அடியிலுள்ள எலும்பும் வாங்கிய அடியை அது அழிப்பதில்லை. 29 வயதில் காயம்பட்டவருக்கு 43-இல் அறிகுறிகள் தோன்றுவது, வருந்தத்தக்கது என்றாலும், எதிர்பார்க்கக்கூடிய கால அளவுதான். அம்மாவோடு ஒப்பிட்டு அவர் மனம் தளர வேண்டியதில்லை. அம்மாவின் முழங்கால் இப்படி ஒரு காயத்தைக் கண்டதில்லை.

அடுத்து, முழு ஓய்வு என்ற ஆலோசனை. இதோடு நான் உறுதியாக மாறுபடுகிறேன். குருத்தெலும்புக்கு இரத்த நாளங்கள் கிடையாது. நீரில் கிடக்கும் பஞ்சை அழுத்தி விடுவதுபோல, மூட்டின்மீது பாரம் ஏறி இறங்கும்போதுதான் மூட்டுத் திரவம் அதற்குள் சென்று ஊட்டம் தருகிறது. ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு 2017-இல் வெளிவந்தது. இடுப்பு, முழங்கால் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களிடம் 3.5 விழுக்காடும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் 10.2 விழுக்காடும், போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களிடம் 13.3 விழுக்காடும் இருந்ததாக அது காட்டியது. இவை காயம்பட்ட முழங்கால்களை மட்டும் பற்றிய எண்கள் அல்ல என்பதால் உங்கள் அண்ணனை ஓடச் சொல்லும் ஆதாரமாக இவற்றை நான் தரவில்லை. அசையாமல் இருப்பது மூட்டுக்குப் பாதுகாப்பு என்ற எண்ணம் தவறு என்பதற்காகவே சொல்கிறேன்.

பிஆர்பி பற்றி: குருத்தெலும்பு மீண்டும் வளரும் என்று ஒருவர் வாக்களித்தால், அதற்கு ஆதாரம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், பிஆர்பி போட்டவர்களுக்கும் வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கும் ஓராண்டு கழித்து வலியிலோ குருத்தெலும்பின் அளவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். ஆனால் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வீதம் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து போட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வில், உப்புநீர் பெற்றவர்களைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகக் குறைந்ததும், வலியில் ஆதாயம் இல்லாததும் 2017-இல் தெரியவந்தன. குடும்ப நிகழ்ச்சி, பயணம் போன்ற தேவைக்கு எப்போதாவது ஒன்று என்றால் பரவாயில்லை; வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

தாமாக வாங்கிப் போடும் மாத்திரைகளை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். டைக்ளோஃபினாக் போன்றவை நீண்ட நாள் பயன்பாட்டில் வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்த உயர்வு ஆகியவற்றைத் தரக்கூடும். அதே வகை மருந்தைக் களிம்பாகத் தடவுவது முழங்காலுக்கு ஓரளவு பயன்தரும். உடலுக்குள் செல்லும் அளவும் மிகக் குறைவு. இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் இரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பதில் 2 – பழைய பின்கள ஆட்டக்காரர்

மருத்துவர் ஐயா எழுதியதற்கு நன்றி. நானும் தொழில்முறையாக ஆடியவன் என்பதால், ஆய்வு எண்களுக்குள் வராத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். முழங்கால் கெடுவது காயத்தால் மட்டும் அல்ல. காயம் ஆறுவதற்கு முன் மீண்டும் களமிறக்கப்படுவதாலும்தான். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு உடைமாற்றும் அறையில் நீண்ட மேசைமேல் காலை நீட்டிப் படுக்க வைப்பார்கள். முழங்காலில் தேங்கிய நீரை ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே இடத்தில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தி, நாடாக் கட்டு கட்டி அனுப்புவார்கள். உறிஞ்சிய நீரின் நிறம் வெளிர் மஞ்சளாக இருந்தால் எவரும் கவலைப்பட மாட்டார்கள். சிவந்திருந்தால்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வலி என்பது நிறுத்தச் சொல்லி உடல் அனுப்பும் செய்தி. அதை அடக்கிவிட்டு 90 நிமிடம் ஓடினால் என்ன ஆகும் என்று அந்த வயதில் எங்களுக்கு எவரும் விளக்கியதில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற கவலையில் நாங்களும் கேட்டதில்லை. அந்தக் கழகத்தின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை.

உலகின் பெரிய வீரர்களுக்கும் இதுவே நேர்ந்திருக்கிறது. நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன் ஏசி மிலானுக்காகக் கடைசியாக ஆடியது, மியூனிக் நகரில் 1993 மே 26 அன்று மார்சேய் அணிக்கு எதிராக நடந்த ஐரோப்பிய இறுதியாட்டம். அப்போது அவருக்கு வயது 28. காயம்பட்ட கணுக்கால் தேறாமலேயே இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1995-இல் ஓய்வை அறிவித்தார். பிற்பாடு அந்தக் கணுக்கால் எலும்புகளை அசையாதபடி ஒன்றாகப் பொருத்தினார்கள். அர்ஜென்டினாவின் கேப்ரியல் பாடிஸ்டூட்டா 2005-இல் ஓய்வு பெற்ற பிறகு, நடக்கவே முடியாத வலியில், தம் கால்களை வெட்டி எடுத்துவிடும்படி மருத்துவரைக் கேட்டதாகப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். நம் நாட்டின் இறகுப்பந்து வீராங்கனை சாய்னா நேவால், 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காயத்தோடு ஆடித் தோற்று, உடனே அறுவை சிகிச்சைக்குச் சென்றவர். முழங்காலில் மூட்டுவாதம் வந்து குருத்தெலும்பு மோசமாகிவிட்டதை 2024-இல் அவரே தெரிவித்தார். அப்போது அவருக்கு 34 வயதுதான்.

இவர்களுக்காவது பெயரும் பணமும் இருந்தன. எனக்கு மிகவும் மனவேதனை தருவது இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணியின் தடுப்பு வீரர் டாமி ஸ்மித்தின் கதை. வலிநீக்கும் ஊசிகளோடு பல ஆண்டுகள் ஆடியவர். பிற்காலத்தில் முழங்கால்கள், இடுப்பு, முழங்கை எல்லாம் செயற்கை மூட்டுகளாயின. அரசின் உடல் ஊனமுற்றோர் உதவித்தொகையை நம்பி வாழ்ந்தார். 1996-இல் வெம்ப்லி திடலில் எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்துக்கு முன் நடந்த காட்சி நிகழ்ச்சியில் ஒரே ஒரு பெனால்டி உதைத்ததைப் பார்த்துவிட்டு, பந்து உதைக்க முடிந்தவர் ஊனமுற்றவர் ஆக மாட்டார் என்று அந்த உதவித்தொகையை நிறுத்தினார்கள். ஒரு பந்தை உதைக்க முடிவதும், நாள் முழுவதும் நின்று வேலை பார்க்க முடிவதும் ஒன்றல்ல என்பதை முழங்கால் வலி உள்ள எவரும் அறிவார்.

அதே பிரிட்டனில், நிலக்கரிச் சுரங்கத்தில் மண்டியிட்டு வேலை செய்தவர்களின் முழங்கால் தேய்மானத்தை 2009-இல் தொழில்சார் நோயாக அரசு ஏற்றுக்கொண்டு உதவித்தொகைக்கு வழிசெய்தது. 2012-இல் கம்பளம் விரிப்பவர்களையும் தளம் போடுபவர்களையும் சேர்த்தார்கள். உழைப்பால் மூட்டு கெட்டால் அது தொழில்நோய் என்ற நியாயம் ஆட்டக்காரனுக்கும் பொருந்த வேண்டும் என்பது என் கருத்து. நம் நாட்டில் தொழில்முறைக் கழகத்தை விட்டு விலகும் நாளில், மூட்டுகள் அனைத்தையும் பரிசோதித்து, அறுவை சிகிச்சைக் குறிப்புகளையும் ஸ்கேன் படங்களையும் வீரன் கையில் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியாவது வர வேண்டும். தம்பி, உங்கள் அண்ணனின் இரண்டு அறுவை சிகிச்சைகளுக்குமான ஆவணங்கள் கையில் இருக்கின்றனவா? இல்லையென்றால் அந்த மருத்துவமனைகளுக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள். காலம் கடந்தால் பழைய கோப்புகளை அவர்கள் வைத்திருக்க மாட்டார்கள்.

பதில் 3 – பிஸியோதெரபிஸ்ட், கோயம்புத்தூர்

முதல் பதிலில் மருத்துவர் ஐயா ஓய்வு கூடாது என்று சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் "நடங்கள், பயிற்சி செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவிடுவது முன்னாள் வீரர்களிடம் பெரும்பாலும் எதிர்மறையாகவே முடிகிறது. அவர்களுக்குப் பயிற்சி என்றாலே பழைய அளவுதான் நினைவுக்கு வரும். முதல் நாளே வலியைப் பொறுத்துக்கொண்டு அளவுக்கு மீறிச் செய்து, மறுநாள் முழங்கால் வீங்கி, "பயிற்சி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். வலியைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகிய உடலுக்கு, எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

முழங்காலில் நீர் சேரும்போதெல்லாம் தொடையின் முன்புறத் தசைக்கு மூளையிலிருந்து செல்லும் கட்டளை மட்டுப்படுகிறது. வலி இல்லாத நாளிலும் அந்தத் தசை முழு வலுவோடு சுருங்குவதில்லை. உங்கள் அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கால்களையும் நீட்டச் சொல்லி, தொடைகளின் சுற்றளவை முழங்கால் சிப்பிக்கு ஒரு சாண் மேலே நாடாவால் அளந்து பாருங்கள். வலது தொடை மெலிந்திருக்க வாய்ப்பு மிகுதி. படியிறங்கும்போது உடலைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது அந்தத் தசைதான். அது தளர்ந்திருப்பதால்தான் அவர் பக்கவாட்டில் திரும்பி இறங்குகிறார்.

தொடக்கமாக, கைப்பிடி இல்லாத, சற்றே உயரமான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காரச் சொல்லுங்கள். உட்காரும்போது மூன்று எண்ணும் அளவுக்கு நேரம் எடுக்க வேண்டும். தொடைக்கு வேலை அங்கேதான் இருக்கிறது. பாரம் இடது காலுக்குச் சாய்ந்துவிடாமல் இரண்டு கால்களிலும் சமமாக இருக்கிறதா என்று எதிரில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். சில வாரங்களில் நாற்காலியின் உயரத்தைக் குறைத்து, பிறகு படிக்கட்டின் கடைசிப் படியில் வலது காலில் நின்று இடது குதிகாலைத் தரையில் தொட்டு எடுக்கும் பயிற்சிக்குப் போகலாம். இவற்றோடு பின்தொடைக்கும் இடுப்புத் தசைகளுக்குமான பயிற்சிகளும், இருக்கை உயரமாக வைத்த நிலைச் சைக்கிளும் சேர வேண்டும். பயிற்சியின்போது சிறிது வலிப்பது தீங்கல்ல. அந்த வலி மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அளவு சரியானது. இறங்காவிட்டாலோ வீக்கம் வந்தாலோ அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. பயன் தெரிய மூன்று மாதங்களாவது ஆகும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எடையைப் பற்றி எவரும் இன்னும் எழுதவில்லை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. அவர் 12 கிலோவையும் இறக்க வேண்டியதில்லை. ஆறு கிலோ இறங்கினாலே படிக்கட்டில் வேறுபாடு தெரியும். ஆடிய காலத்தில் சாப்பிட்ட அளவுக்கே சோறு சாப்பிடுவது முன்னாள் வீரர்கள் பலரின் வழக்கம், அங்கிருந்து தொடங்கலாம்.

அவர் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிப்பதை எக்காரணம் கொண்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். திடலை விட்டு விலகினால் உடலோடு மனமும் சேர்ந்து தளரும். ஆனால் உதைத்துக் காட்டுவதையும், சட்டென்று திரும்பிக் காட்டுவதையும், செயற்கைப் புல்தரையில் சிறுவர்களோடு சேர்ந்து ஆடுவதையும் அவர் விட்டுவிட வேண்டும். மூத்த சிறுவன் ஒருவனைச் செய்துகாட்டச் சொல்லிவிட்டு, அவர் நின்று திருத்தட்டும். ஃபிஃபா வெளியிட்ட பதினொன்று பிளஸ் என்ற முன்பயிற்சியை அவர் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் மிக நல்லது. ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து முழங்கால் உள்ளே சாயாமல் இறங்குவது, தொடைத் தசைகளை வலுவாக்குவது ஆகியவை சேர்ந்த இருபது நிமிடப் பயிற்சி அது. பதின்மூன்று வயது வரையிலான சிறுவர்களுக்கான வடிவத்தை ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் சோதித்தபோது காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. கருவி எதுவும் வேண்டாம். மண் திடலே போதும்.

கேள்வியாளரின் மறுமொழி – வியாசர்பாடி வாசகர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை அண்ணனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். தொடையை அளந்தோம், வலது தொடை உண்மையிலேயே மெலிந்திருக்கிறது. கொல்கத்தா மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிவிட்டார். அவர் கேட்கச் சொன்னது ஒன்றுதான். டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி இடுப்பில் உலோக மூட்டு வைத்துக்கொண்டு மீண்டும் ஆடினார். பனிச்சறுக்கு வீராங்கனை லிண்ட்சே வான் முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டு போட்டிக்கே திரும்பினார். அப்படியிருக்க, தாம் மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கில் வலியோடு காத்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்.

பதில் 4 – எலும்பு மூட்டு மருத்துவர், மதுரை

நியாயமான கேள்வி. மர்ரிக்கு 2019 ஜனவரியில் லண்டனில் நடந்தது இடுப்பு மூட்டின் மேற்பரப்பை மட்டும் உலோகத்தால் மூடும் சிகிச்சை. அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப் போட்டியில் பட்டம் வென்று, 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை ஆடினார். இடுப்பு என்பது கிண்ணத்துக்குள் பந்து சுழலும் எளிய அமைப்பு. செயற்கை மூட்டு அங்கே இயல்பாக ஒத்துப்போகிறது. முழங்கால் மடங்கும்போதே சற்று உருளவும் திரும்பவும் செய்வதால் அதை அப்படியே செய்துவைப்பது கடினம். முழங்காலை மாற்றிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு முழு மனநிறைவு அடைவதில்லை. லிண்ட்சே வானுக்கு 2024 ஏப்ரலில் செய்ததும் முழங்காலின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் சிகிச்சை. ஏழெட்டு மாதங்களில் 40 வயதில் போட்டிக்குத் திரும்பி, 2025 மார்ச்சில் இரண்டாமிடம் பெற்றார். பெரும் குழுவின் துணையோடு, தாம் ஏற்கும் ஆபத்தை அறிந்தே எடுத்த முடிவு அது. அதை மற்றவர்களுக்கான அளவுகோலாகக் கொள்ள இயலாது.

காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் வயது. முழங்கால் மாற்று மூட்டுகளில் ஐந்தில் நான்கு, 25 ஆண்டுகள் வரை நிலைக்கின்றன என்று 2019-இல் வெளியான தொகுப்பாய்வு சொல்கிறது. ஆனால் அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள். பிரிட்டனின் தரவுகளை வைத்துக் கணக்கிட்டதில், எழுபது வயதுக்கு மேல் மாற்றிக்கொள்பவருக்கு மீண்டும் அறுவை தேவைப்படும் வாழ்நாள் வாய்ப்பு ஏறக்குறைய 5 விழுக்காடு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொள்ளும் ஆணுக்கு அது 35 விழுக்காடு. 43 வயதில் அது இன்னும் கூடுதலாகவே இருக்கும். இரண்டாவது அறுவையில் எலும்பு இழப்பு அதிகம்; முதல் முறை கிடைத்த அளவு பயனும் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஆனாலும் அறுபது வயது வரை வலியைத் தாங்கிக்கொண்டு இருங்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று, நான்கு மாதங்கள் முறையான பயிற்சியும் எடைக் குறைப்பும் செய்து பார்த்த பிறகும் இரவில் வலியால் தூக்கம் கெடுகிறது, வேலை செய்ய முடியவில்லை என்றால் அறுவையைப் பற்றிப் பேசலாம். அப்போதும் முழு மூட்டு மாற்று மட்டுமே வழியல்ல. மெனிஸ்கஸ் எடுக்கப்பட்ட பக்கத்தில் மட்டும் தேய்ந்து, கால் அந்தப் பக்கமாக வளைந்திருந்தால், கீழ்க்கால் எலும்பை ஆப்பு வடிவில் வெட்டித் திருப்பி, பாரத்தை நல்ல பக்கத்துக்கு மாற்றும் அறுவை சிகிச்சை இருக்கிறது. இவருடைய வயதில், இன்னும் உழைத்து நடமாட விரும்புபவருக்கு, அது பல ஆண்டுகளை வாங்கித்தரும்; சொந்த மூட்டும் தப்பும். சிறு துளை வழியே செலுத்தும் கருவியால் மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்வதாக எவரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். தேய்மானத்துக்கு அது, தோலில் கீறல் மட்டும் போட்ட போலி அறுவையைவிட மேலானதல்ல என்று 2002-இலேயே 180 பேரிடம் நடத்திய அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது.

அடுத்த மருத்துவரிடம் போகும்போது, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை தெரியும்படி, நின்ற நிலையில் இரண்டு கால்களையும் சேர்த்து எடுத்த எக்ஸ்-ரே கையில் இருக்கட்டும். படுத்த நிலையில் எடுத்த படத்தில் மூட்டு இடைவெளி இருப்பதைவிட அகலமாகத் தெரியும். கால் வளைவை அளக்கவும் முடியாது. ஏசிஎல் அறுவையின் குறிப்பும் அவசியம். அப்போது எலும்புக்குள் வைத்த திருகாணி உலோகமா, கரையக்கூடியதா, எந்த இடத்தில் இருக்கிறது என்பது தெரியாமல் அடுத்த அறுவையைத் திட்டமிட முடியாது. கொல்கத்தாவிலிருந்து கோப்பு வந்ததும், அவருடைய பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் மறைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.